பழைய மோட்டார் வண்டிகளின் மானிகளும் மின்னழுத்தச் சீராக்கிகளும்: பழுது காணும் முறை

மோட்டார் வண்டியை ஓட்டுபவர் எஞ்சினின் உள்ளே நிகழ்வதை நேரே காண்பதில்லை. தொட்டியில் எஞ்சியுள்ள பெட்ரோலின் அளவையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையையும் அவருக்கு அறிவிப்பவை கருவிப் பலகையிலுள்ள இரண்டு சிறிய முட்களே. அம்முட்கள் மெய் கூறும்வரை அவற்றைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அவை பொய் கூறத் தொடங்கினால் வண்டி ஆளில்லாத சாலையில் பெட்ரோலின்றி நின்றுவிடலாம். நீர் வற்றிக் கொதித்த எஞ்சினின் தலைப்பகுதி வளைந்து பாழாகவும் கூடும்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி உருவான அம்பாசிடர் வண்டி 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது. அவ்வண்டிகளும், அவற்றுக்கு முற்பட்ட பிரித்தானிய, அமெரிக்க வண்டிகளும் நம் நாட்டில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பெற்ற திருத்தம், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டனவும், வணிகத்திற்குப் பயன்படாதனவும், மூல வடிவம் மாறாதனவுமான வண்டிகளைத் தொன்மை வண்டிகள் என்னும் தனி வகையாகப் பதிவு செய்ய வழி வகுத்தது. எனவே பழைய கருவிகளைக் கழற்றி எறியாமல் பழுது நீக்கிக் காக்கும் கலைக்கு இன்று புதிய தேவை ஏற்பட்டுள்ளது. தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களுக்கும், பழைய வண்டிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் களப்பணியாளர்களுக்கும் பயன்படுமாறு இக்கட்டுரை எழுதப்பெற்றுள்ளது.

இதில் வலியுறுத்தப்படும் கருத்து ஒன்றே. முள் தவறாக நின்றால் முதலில் மானியைக் குறை கூறலாகாது. மானி என்பது ஒரு மின்சுற்றின் ஓர் உறுப்பு. மின்சாரம் வரும் வழி, அதைச் சீராக்கும் கருவி, எர்த் இணைப்பு, கம்பி, உணர்கருவி ஆகிய அனைத்தையும் சோதித்த பின்னரே மானியைக் கழற்ற வேண்டும்.

இருவகைச் சீராக்கிகள்

பழைய வண்டிகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிகள் இரண்டு உண்டு. இவற்றைக் குழப்பிக் கொள்வதாலேயே பல பழுதுகள் நீங்காமல் தொடர்கின்றன.

முதலாவது, டைனமோவின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, பாட்டரி அளவோடு மின்னேற்றம் பெறச் செய்யும் சீராக்கி. இது எஞ்சின் அறையில் ஒரு கரிய பெட்டிக்குள் இருக்கும். பணிமனைகளில் இப்பெட்டி முழுவதையுமே கட்-அவுட் என்று வழங்குவர்.

இரண்டாவது, கருவிப் பலகையின் பின்புறம் மறைந்திருக்கும் தீப்பெட்டியினும் சிறிய ஒரு கருவி. இது மானிகளுக்கு மட்டும் மாறாத மின்னழுத்தத்தைத் தருவது. இக்கட்டுரையில் இதனை நிலைப்படுத்தி என்று குறிப்பிடுவோம். பணிமனைகளில் இதன் பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

முன்னது பழுதுற்றால் பாட்டரியும் விளக்குகளும் கெடும். பின்னது பழுதுற்றால் மானிகள் பொய் கூறும். இரண்டும் ஒருங்கே பழுதுற்றால், மானிகளின் பிழை எஞ்சினின் வேகத்தோடு ஏறியும் இறங்கியும் காணப்படும்.

மானியின் வகையை அறிதல்

சோதனையைத் தொடங்குமுன் மானி எவ்வகையினது என்று அறிதல் இன்றியமையாதது. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இக்னிஷன் சாவியைத் திருப்பி முள்ளை உற்று நோக்கினால் போதும்.

முள் சட்டென்று தாவித் தன் இடத்தை அடைந்தால், அது இருசுருள் மானி. இதில் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒரு சிறு இரும்புத் துண்டை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. முள்ளின் நிலை இரு மின்னோட்டங்களின் விகிதத்தைப் பொறுத்தது. பாட்டரியின் மின்னழுத்தம் கூடினால் இரு சுருள்களிலும் மின்னோட்டம் கூடுவதால் விகிதம் மாறுவதில்லை. ஆகவே இவ்வகைக்கு நிலைப்படுத்தி தேவையில்லை.

முள் மெதுவாக ஊர்ந்து, சில நொடிகள் கழித்தே தன் இடத்தை அடைந்தால், அது வெப்ப மானி. 1960-களின் இடையிலிருந்து மினி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் முதலிய பிரித்தானிய வண்டிகளில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் இவ்வகை மானிகள் பெருவழக்காயின. அமெரிக்க ஃபோர்டு வண்டிகளில் 1956 முதல் இதே தத்துவம் கையாளப்பட்டது.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. சில வெப்பநிலை மானிகளுக்கு மின்கம்பியே இல்லை. எஞ்சினிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று மானிவரை வரும். அக்குழாயிலுள்ள பொருளின் அழுத்தமே முள்ளை நகர்த்துகிறது. இவ்வகைக்கு இக்கட்டுரையின் சோதனைகள் பொருந்தா. குழாயை வெட்டினாலோ முறித்தாலோ மானி பயனற்றதாகிவிடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

வெப்ப மானி இயங்கும் விதம்

வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை, சூடேறினால் வளையும் என்பதை மாணவர்கள் பள்ளியிலேயே கற்கின்றனர். வெப்ப மானியின் உள்ளே இத்தகைய ஈருலோகப் பட்டை ஒன்று உண்டு. அதன்மேல் மெல்லிய தடைக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடாகிப் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. ஸ்மித்ஸ் மானியில் இச்சுருளின் தடை ஏறத்தாழ 60 ஓம்.

மின்னோட்டத்தின் அளவை உணர்கருவி தீர்மானிக்கிறது. பெட்ரோல் தொட்டியில் இது மிதவையோடு இணைந்த மாறுதடை. டாங்க் யூனிட் என்று பெயர் பெறுவது. ஸ்மித்ஸ் வெப்ப மானிக்குரிய டாங்க் யூனிட்டின் தடை, தொட்டி வெறுமையாக இருக்கையில் ஏறத்தாழ 240 ஓம். பாதியில் ஏறத்தாழ 70 ஓம். முழுமையில் 20 முதல் 30 ஓம். எஞ்சினின் நீர் வழியில் உள்ள உணர்கருவி தெர்மிஸ்டர் என்னும் குறைகடத்தியால் ஆனது. நீர் சூடேற ஏற அதன் தடை குறையும்.

ஆகவே இரு மானிகளுக்கும் பொதுவான ஒரு விதி கிடைக்கிறது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் உயரும். உயர்ந்த முள், பெட்ரோல் மானியில் நிறைவையும் வெப்பநிலை மானியில் மிகுசூட்டையும் குறிக்கும்.

நிலைப்படுத்தியின் பணி

சுருளில் தோன்றும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. பாட்டரியின் மின்னழுத்தமோ நிலையானதன்று. எஞ்சின் ஓடாமல் விளக்குகள் எரியும்போது 12 வோல்ட்டுக்கு அருகிலும், எஞ்சின் விரைந்து ஓடும்போது 14 வோல்ட்டுக்கு அருகிலும் இருக்கும். மானியை நேரே பாட்டரியோடு இணைத்தால், தொட்டியில் பெட்ரோல் மாறாதபோதும் முள் மாறிக்கொண்டேயிருக்கும்.

இதைத் தடுக்கும் நிலைப்படுத்தியின் உள்ளேயும் இருப்பது மற்றோர் ஈருலோகப் பட்டையே. அதன்மேல் ஒரு சூடேற்றும் சுருளும், முனையில் ஒரு தொடுமுனையும் உண்டு. மின்சாரம் பாய்ந்து பட்டை சூடேறியதும் வளைந்து தொடுமுனையைத் திறக்கும். மின்சாரம் நின்று பட்டை குளிர்ந்ததும் தொடுமுனை மீண்டும் மூடும். இவ்வாறு இடைவிடாது திறந்தும் மூடியும் நிகழ்வதால் மானிகளுக்குத் துண்டு துண்டாக மின்சாரம் செல்கிறது. மானியின் பட்டை மெதுவாகச் சூடேறுவதாகையால் முள் நடுங்குவதில்லை.

ஸ்மித்ஸ் முறையில் இதன் பயன், வெப்ப விளைவை நோக்க, 10 வோல்ட்டுச் சீரான மின்சாரத்திற்குச் சமம். ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். பாட்டரி 14 வோல்ட்டில் இருந்தால், 10-இன் இருமடியாகிய 100-ஐ 14-இன் இருமடியாகிய 196-ஆல் வகுக்க 0.51 கிடைக்கும். அதாவது தொடுமுனை ஏறத்தாழப் பாதி நேரம் மூடியிருக்க வேண்டும். பாட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கினால் 100-ஐ 144-ஆல் வகுக்க 0.69 கிடைக்கும், மூடியிருக்கும் காலம் தானே நீள்கிறது. தன் பட்டையையே அளவுகோலாகக் கொண்டு இக்கருவி தன்னைத் திருத்திக் கொள்கிறது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. நிலைப்படுத்தியின் சூடேற்றும் சுருள் தன் மின்சுற்றை முடிப்பது அதன் உறை வழியாகவே. உறையோ ஒரு திருகாணியால் கருவிப் பலகையின் உலோகத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. அத்திருகாணியின் அடியில் துருவோ வண்ணப்பூச்சோ புகுந்து எர்த் இணைப்பு அறுந்தால், சுருளில் மின்சாரம் பாயாது, பட்டை சூடேறாது, தொடுமுனை திறக்காது. பாட்டரியின் முழு மின்னழுத்தமும் மானிகளுக்குச் செல்லும். ஒரு திருகாணியின் துரு, இரு மானிகளையும் பொய் கூறச் செய்துவிடும்.

ஒரே பழுது, எதிரெதிர் ஆபத்து

மேற்கூறிய நிலையில் நேர்வதை எண்களால் காண்போம். தொட்டி பாதி நிறைந்து, டாங்க் யூனிட்டின் தடை 68 ஓமாக உள்ளது எனக் கொள்க. மானியின் 60 ஓமைச் சேர்க்க மொத்தத் தடை 128 ஓம். 10 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் 0.078 ஆம்பியர், முள் பாதியில் நிற்கும். மின்னழுத்தம் 14 வோல்ட்டாக உயர்ந்தால், மொத்தத் தடை 179 ஓமாக இருக்கும்போதே அதே 0.078 ஆம்பியர் பாயும். அதாவது டாங்க் யூனிட் ஏறத்தாழ 120 ஓமில் நிற்க, தொட்டி பாதிக்கும் வெகுவாகக் குறைந்திருக்க, முள் பாதி என்று காட்டும். இதை நம்பிப் புறப்படுபவர் வழியில் நின்றுவிடுவார்.

அதே வேளையில் வெப்பநிலை மானியும் உயர்ந்து நிற்கும். எஞ்சின் நலமாயிருக்க, ஓட்டுபவர் வீணே அஞ்சி வண்டியை நிறுத்துவார். இப்பிழை அவருக்குத் தொல்லை தருமே அன்றித் தீங்கு செய்யாது.

இனி மறுபுறத்தை நோக்குக. நிலைப்படுத்தியின் தொடுமுனைகள் கருகி மின்சாரம் குறைந்தாலோ, உணர்கருவிக்குச் செல்லும் கம்பி அறுந்தாலோ முள் தாழும். பெட்ரோல் மானி தாழ்ந்தால் ஓட்டுபவர் தேவைக்கு முன்பே பெட்ரோல் நிரப்புவார், கேடு இல்லை. வெப்பநிலை மானி தாழ்ந்தாலோ, கொதிக்கும் எஞ்சினையும் குளிர்ந்தது என்று நம்பி ஓட்டிச் செல்வார். இதுவே மிகப் பெரிய ஆபத்து.

சுருங்கக் கூறின், மின்னழுத்தம் மிகுந்தால் பெட்ரோல் மானி ஆபத்தின் பக்கமும், மின்னழுத்தம் குறைந்தால் வெப்பநிலை மானி ஆபத்தின் பக்கமும் சாய்கின்றன. ஆகவே தாழ்ந்து நிற்கும் வெப்பநிலை முள்ளை எஞ்சின் குளிர்ச்சியாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. நீர்மட்டம் உணர்கருவிக்குக் கீழே இறங்கிவிட்டாலும் முள் தாழக்கூடும் என்பதையும் ஓட்டுநர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

வெப்ப மானி பொருத்திய வண்டிகளில் பின்வரும் அறிகுறிகள் வழிகாட்டும்.

இரு முட்களும் உயர்ந்து நின்றால்: நிலைப்படுத்தியின் எர்த் இணைப்பு அறுந்திருக்கும், அல்லது அதன் சுருள் அறுந்தோ தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டோ இருக்கும்.

இரு முட்களும் அசையாவிடில்: பியூஸ், இக்னிஷன் சாவியிலிருந்து வரும் கம்பி, நிலைப்படுத்தியின் தொடுமுனை ஆகியவற்றைச் சோதிக்க.

இரு முட்களும் எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கினால்: நிலைப்படுத்தி இயங்கவில்லை.

விளக்குகளைப் போட்டதும் முட்கள் இடம் மாறினால்: கருவிப் பலகையின் பொது எர்த் இணைப்பு குறையுடையது.

ஒரு முள் மட்டும் தவறினால்: நிலைப்படுத்தியைக் குறை கூற வேண்டா, அம்மானியின் கம்பி, உணர்கருவி, அதன் எர்த் இணைப்பு ஆகியவற்றைக் காண்க. முள் எப்போதும் அடியில் கிடந்தால் கம்பி அறுந்திருக்கலாம். எப்போதும் உச்சியில் நின்றால் கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உலோகத்தைத் தொடலாம்.

பழைய ஸ்மித்ஸ் இருசுருள் பெட்ரோல் மானியில் இக்கடைசி விதி தலைகீழாகும். அதில் கம்பி அறுந்தால் முள் நிறைவைக் காட்டும். கம்பி எர்த்தைத் தொட்டால் வெறுமையைக் காட்டும். மானியின் வகையை முதலில் அறிய வேண்டும் என்று கூறியதன் காரணம் இதுவே.

சோதிக்கும் முறை

சோதனைக்கு வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட்டுக்குரிய 2 வாட் சிறு விளக்கு, நீண்ட கம்பி ஒன்று, 22, 68, 240 ஓம் தடைகள் ஆகியன. தடைகள் 1 வாட் தாங்குவனவாக இருத்தல் நலம்.

முதற்படியாக, சாவியைத் திருப்பி நிலைப்படுத்தியின் பி என்னும் முனையில் பாட்டரியின் மின்னழுத்தம் வருகிறதா என்று பார்க்க. வராவிடில் பழுது அதற்கு முன்னரே உள்ளது.

இரண்டாவதாக, ஐ என்னும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே சிறு விளக்கை இணைக்க. முதற் சில நொடிகள் விளக்கு தொடர்ந்து எரியும். பட்டை சூடேறிய பின் விட்டு விட்டு எரியும். இரண்டு நிமிடம் கழிந்தும் தொடர்ந்து எரிந்தால் நிலைப்படுத்தி வேலை செய்யவில்லை என்று பொருள். மல்டிமீட்டரை இங்கு நம்ப வேண்டா. துண்டுபட்ட மின்சாரத்தில் அதன் எண்கள் நிலைகொள்ளாமல் தாவும்.

மூன்றாவதாக, விளக்கு தொடர்ந்து எரிந்தால், நிலைப்படுத்தியின் உறையிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குக் கம்பி ஒன்றைத் தற்காலிகமாக இணைக்க. விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கினால் கருவி நல்லது. எர்த் இணைப்பே குற்றம். இவ்வொரு சோதனை பல நல்ல கருவிகளைக் குப்பைக்குச் செல்லாமல் காக்கும்.

நான்காவதாக, உணர்கருவியின் கம்பியைக் கழற்றி, அதன் இடத்தில் 240, 68, 22 ஓம் தடைகளை ஒவ்வொன்றாக எர்த்தோடு இணைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பெட்ரோல் முள்ளைக் காண்க. முள் முறையே வெறுமை, பாதி, நிறைவு ஆகியவற்றின் அருகே நின்றால் மானி நலமாயுள்ளது. பழுது கம்பியிலோ டாங்க் யூனிட்டிலோ உள்ளது. இச்சோதனையைத் தொட்டியின் அருகே செய்தல் தகாது. கம்பியை மானியின் பின்புறத்தில் கழற்றி அங்கேயே செய்க.

செய்யத் தகாதது

உணர்கருவியின் கம்பியைக் கழற்றி நேரே எர்த்தில் தொட்டு, முள் உச்சிக்கு ஏறுகிறதா என்று பார்ப்பது சிலரது பழக்கம். வெப்ப மானியில் இது தகாது. காரணத்தைக் கணக்கு காட்டும்.

தொட்டி நிறைந்து உணர்கருவி 20 ஓமில் இருக்கும்போது மொத்தத் தடை 80 ஓம், மின்னோட்டம் 0.125 ஆம்பியர், மானியின் சுருளில் தோன்றும் வெப்பம் 0.94 வாட். இதுவே அச்சுருள் இயல்பாகத் தாங்கும் மேல் அளவு. கம்பியை நேரே எர்த்தில் தொட்டால் 60 ஓம் மட்டுமே எஞ்சும், வெப்பம் 1.67 வாட் ஆகும். நிலைப்படுத்தியும் பழுதுற்று 14 வோல்ட்டு வந்தால் 3.27 வாட் ஆகும். இது இயல்பு அளவினும் மூன்றரை மடங்கு. சுருள் கருகும், அல்லது பட்டை நிரந்தரமாக வளைந்துவிடும். நோயை அறியச் செய்த சோதனையே நோயை உண்டாக்கிவிடும்.

ஒரு வண்டியின் மானிக்கு மற்றொரு முறையின் நிலைப்படுத்தியைப் பொருத்துவதும் தவறே. ஃபோர்டு முறையில் நிலைப்படுத்தி தருவது 5 வோல்ட்டுக்குச் சமமான மின்சாரம். அதன் டாங்க் யூனிட் வெறுமையில் ஏறத்தாழ 73 ஓமும் நிறைவில் 10 ஓமும் காட்டும். அம்மானிக்கு 10 வோல்ட்டு கொடுத்தால் வெப்பம் நான்கு மடங்காகும்.

பழுது நீக்கல்

எர்த் இணைப்பே குற்றம் எனில், திருகாணியின் அடியிலுள்ள துருவையும் வண்ணப்பூச்சையும் சுரண்டி, உலோகம் பளிச்சிடச் செய்து இறுக்குக. அதனோடு ஒரு தனிக் கம்பியை வண்டியின் உலோகச் சட்டம்வரை கொண்டு செல்வது நிலையான தீர்வாகும். ஸ்மித்ஸ் நிலைப்படுத்தியை மாட்டும்போது பி, ஈ என்னும் குறிகள் மேற்புறமாக இருக்க வேண்டும். செங்குத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் சாயலாகாது.

டாங்க் யூனிட்டைக் கழற்றுமுன் பாட்டரியின் இணைப்பை நீக்குக. பெட்ரோல் ஆவி ஒரு பொறியாலும் தீப்பற்றும். பூட்டு வளையத்தைத் திருப்ப எஃகுக் கருவியால் தட்டாமல், மரம் அல்லது பித்தளைத் துண்டைக் கொண்டு தட்டுக. மிதவையில் பெட்ரோல் புகுந்திருந்தால் அது மூழ்கி எப்போதும் வெறுமையையே காட்டும். தடைக்கம்பியில் தேய்ந்த இடம் இருந்தால் முள் ஓரிடத்தில் மட்டும் விழுந்து மீளும். தொட்டி வண்டியின் உலோகத்தோடு நல்ல எர்த் தொடர்பு கொண்டுள்ளதா என்றும் பார்க்க.

வெப்ப உணர்கருவியைச் சோதிக்க, அதனை ஒரு பாத்திர நீரில் வெப்பமானியோடு தொங்கவிட்டு, நீரைச் சூடேற்றித் தடையை அளக்க. வெப்பநிலை உயர உயரத் தடை படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாவிடில் உணர்கருவியை மாற்றுக.

மின்னணு நிலைப்படுத்தி

பழைய நிலைப்படுத்தி உள்ளே கெட்டுவிட்டால், அதன் உறையைத் திறந்து, இக்கால மின்னணுக் கருவி ஒன்றை உள்ளே வைத்து மூடலாம். வெளித் தோற்றம் மாறாததால் வண்டியின் மூல வடிவமும் காக்கப்படும். 7810 என்னும் மும்முனைச் சீராக்கி 10 வோல்ட்டைத் தரும். இரு மானிகளும் உச்சியில் நிற்கும்போது மொத்த மின்னோட்டம் 0.25 ஆம்பியர், 14 வோல்ட்டிலிருந்து 10-க்குக் குறைக்கையில் வீணாகும் வெப்பம் 1 வாட். உலோக உறையோடு சேர்த்துப் பொருத்தினால் இவ்வெப்பம் எளிதில் வெளியேறும். உள்வரும் பக்கம் 0.33 மைக்ரோஃபாரட், வெளிச்செல்லும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை இணைக்க.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இச்சீராக்கிக்கு வெளியீட்டினும் ஏறத்தாழ 2 வோல்ட்டு மிகுதியான உள்ளீடு வேண்டும். பாட்டரி 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் முட்களும் தாழும். குறைந்த இழப்புடைய வகையைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். அடுத்து, 1960-களின் இடைக்காலம்வரை வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே எர்த்தோடு இணைந்திருக்கும். அவற்றுக்கு 7810 பொருந்தாது; எதிர்முனைக்குரிய 7910 வேண்டும். அதன் முனைகளின் வரிசை வேறு. அதன் உலோக முதுகு எர்த் முனையும் அன்று. ஆகவே உறையைத் தொடாதவாறு காப்பிட்டுப் பொருத்துக. பாட்டரியின் எம்முனை எர்த்தில் உள்ளது என்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே கம்பியைத் தொடுக.

டைனமோவின் சீராக்கி

மானிகள் சரியான பின்னும் விளக்குகள் அடிக்கடி கருகினாலோ, பாட்டரியின் நீர் விரைவில் வற்றினாலோ, டைனமோவின் சீராக்கியை நோக்குக. எதிர்முறையாக, பாட்டரி எப்போதும் இளைத்தே கிடந்தாலும் இதுவே காரணமாகலாம். எனினும் டைனமோவைச் சோதித்த பின்னரே சீராக்கியைத் தொட வேண்டும்.

டைனமோவின் டி, எஃப் முனைகளிலுள்ள கம்பிகளைக் கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒரு வெற்றுக் கம்பியால் இணைக்க. அதற்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்மானியை வைத்து, எஞ்சினின் வேகத்தை மெல்லக் கூட்டுக. மின்னழுத்தம் தடுமாறாமல் விரைந்து உயர்ந்தால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டைத் தாண்ட விடலாகாது.

லூகாஸ் ஆர்.பி.106 வகைப் பெட்டியில் இரண்டு காந்தச் சுருள்கள் உண்டு. ஒன்று மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, மற்றொன்று கட்-அவுட். டைனமோவின் மின்னழுத்தம் 12.7 முதல் 13.3 வோல்ட்டை அடைந்ததும் கட்-அவுட் மூடிப் பாட்டரியை இணைக்கும். வேகம் குறைந்ததும் திறந்து, பாட்டரியின் மின்சாரம் டைனமோ வழியே பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும். கட்-அவுட்டின் தொடுமுனைகளிடையே தடித்த தாள் ஒன்றைச் செருகிப் பாட்டரியின் தொடர்பை நீக்கி அளந்தால், இவ்வகையில் 20 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 16 வோல்ட்டு காணப்படும். இது பிழையன்று, பாட்டரி இணைந்ததும் மின்னழுத்தம் தானே தாழும். இதை அறியாமல் திருகைத் திருப்பி 14 வோல்ட்டுக்குக் குறைப்பவர் பாட்டரியைப் பட்டினியிடுகிறார். வெயில் மிகுந்தால் அளவு சிறிது குறைய வேண்டும் என்பதற்காகச் சீராக்கியின் வில்லோடு ஓர் ஈருலோகப் பட்டை சேர்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வண்டியின் பணிமனைக் கையேட்டில் தரப்பட்ட எல்லைகளே முடிவானவை.

திருகைத் தொடுமுன் தொடுமுனைகளைத் தூய்மை செய்க. சீராக்கியின் தொடுமுனைகளுக்கு நுண்ணிய கார்போரண்டம் கல்லையும், கட்-அவுட்டின் தொடுமுனைகளுக்கு நுண்ணிய கண்ணாடித் தாளை மட்டுமே பயன்படுத்தி, பின்னர் ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைக்க. கட்-அவுட்டிற்கு எமரித் தாள் ஆகாது.

வகுப்பறையில்

இப்பொருளை மாணவர்க்குக் கற்பிக்க வண்டி தேவையில்லை. பலகை ஒன்றில் பழைய வெப்ப மானி, நிலைப்படுத்தி, மூன்று தடைகள், 12 வோல்ட்டுப் பாட்டரி ஆகியவற்றைப் பொருத்துக. ஒவ்வொரு தடையையும் இணைக்குமுன் முள் எங்கே நிற்கும் என்று மாணவரே கணக்கிட்டு எழுதட்டும். அடுத்து 68 ஓம் தடையை மட்டும் இணைத்து, ஆசிரியர் மறைவாக நிலைப்படுத்தியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, முள் உயர்ந்ததன் காரணத்தைக் கேட்கட்டும். மானியைக் கழற்றச் சொல்லும் மாணவர் எத்தனை பேர், எர்த்தைச் சோதிக்கச் சொல்லும் மாணவர் எத்தனை பேர் என்று காண்பதே அன்றைய தேர்வு. 22 ஓம் இணைந்திருக்கையில் மட்டும் எர்த்தைக் கழற்ற வேண்டா; மானி கெடும். ஓமின் விதி, மின்சாரத்தின் வெப்ப விளைவு, உலோகங்களின் விரிவு ஆகிய மூன்று பாடங்களும் இவ்வொரு பலகையில் ஒன்றுகூடுகின்றன.

களப்பணியாளர்கள் மேற்கொள்ளத் தக்க நடைமுறை ஒன்று உண்டு. பழைய வண்டியைப் பொறுப்பேற்கும் நாளில், தொட்டியின் பெட்ரோலை அளவுகோலால் ஒருமுறை அளந்து முள்ளின் நிலையோடு ஒப்பிட்டு, வண்டியின் குறிப்பேட்டில் எழுதி வைக்க. எஞ்சின் நன்கு சூடேறிய பின் வெப்பநிலை முள் வழக்கமாக நிற்கும் இடத்தையும் அதனோடு குறிக்க. பின்னொரு நாள் முட்கள் மாறினால், ஒன்று மட்டும் மாறியதா, இரண்டும் ஒருங்கே மாறினவா என்பதை அக்குறிப்பே கூறிவிடும். இரண்டும் மாறியிருந்தால் எர்த் திருகாணியிலிருந்து சோதனையைத் தொடங்குக.